கடலோரத்தில் ஒரு வாரம்

இங்கிலாந்தின் வடபகுதியில் பழைய பஞ்சாலை நகரம் ஒன்றில் மளிகைக் கடை நடத்திவரும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "ஹஜ்ரத், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வருகிறது. இந்நாட்டார் வழக்கப்படி நாங்களும் ஏதேனும் ஒரு கடற்கரை ஊரில் ஒரு வாரம் தங்கிவரலாம் என்று எண்ணியிருக்கிறோம். கடையை வேலையாள் பார்த்துக்கொள்வார். எந்த ஊருக்குப் போகலாம் என்று தாங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்பது கடிதத்தின் சாரம். அந்நாட்டு மண்ணை நான் மிதித்தவனல்லன். ஆயினும் அரபு இலக்கணம் ஓதிய நாள்தொட்டு எந்த ஐயத்தையும் என்னிடமே கொண்டுவருவது அவர் வழக்கம். எனவே நூல்களைப் புரட்டினேன். ஊரின் பெயரைத் தேடப்போன எனக்கு, 'கடலோரத்தில் ஒரு வாரம்' என்னும் அந்த வழக்கத்தின் வரலாறே கிடைத்தது. அதனை வாசக அன்பர்களோடும் பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதி இங்கு எழுதுகின்றேன்.

மருந்தாக வந்த கடல்

இன்று இங்கிலாந்தில் கடற்கரை என்றால் களிப்பு என்று பொருள். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறில்லை. கடல் என்பது மீனவரின் வயல், மாலுமியின் அச்சம். மற்றவர் அதனை நாடிச் செல்லக் காரணம் ஏதுமில்லை. கடற்கரைச் சிற்றூர்களில் வீடுகளைக்கூடக் காற்றுக்கு அஞ்சிக் கடலுக்கு முதுகு காட்டியே கட்டினர்.

இந்நிலையை மாற்றியவர்கள் மருத்துவர்கள். யார்க்ஷயர் கரையிலுள்ள ஸ்கார்பரோவில், குன்றின் அடிவாரத்தில் கசிந்த ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. மருத்துவர் ராபர்ட் விட்டி 1660இல் அதனைப் புகழ்ந்து நூல் எழுதினார். ஊற்றுநீர் குடிக்க வந்தவர்கள் அருகிலிருந்த கடலிலும் முழுகத் தொடங்கினர். பின்னர் 1750இல், ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் கண்டமாலை முதலிய நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் இயற்றினார். அதில் குளிக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. குடிக்கவும் வேண்டும் என்றார்! செல்வர்கள் அவர் சொற்படி குடித்தனர் என்பதுதான் வியப்பு. ரஸ்ஸல் குடியேறிய சிற்றூர், புயலாலும் வறுமையாலும் நலிந்து கிடந்த ஒரு மீனவக் குப்பம். அதுவே பின்னாளில் பிரைட்டன் என்னும் பெருநகராயிற்று.

அக்காலக் கடற்குளியல் விளையாட்டன்று. மருத்துவர் குறித்துக் கொடுத்த நேரத்தில், பெரும்பாலும் விடியற்காலைக் குளிரில், எண்ணிக்கை தவறாமல் முழுகி எழ வேண்டும். சக்கரம் பூட்டிய மரக்கூண்டு ஒன்றைக் குதிரை கடலுக்குள் இழுத்துச் செல்லும். உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, படியிறங்கி நேரே நீருக்குள் செல்லலாம். பிறர் பார்வை படாதிருக்க அந்த வண்டிக்குத் துணிக்கூரை அமைத்தவர் மார்கேட் நகரத்துப் பெஞ்சமின் பீல் என்பர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் குளிக்கும் இடங்கள் வெவ்வேறு. பெண்களை நீரில் முழுக்கியெடுப்பதற்கென்றே வலிமை வாய்ந்த பணிப்பெண்கள் இருந்தனர். பிரைட்டனில் அத்தொழில் செய்த மார்த்தா கன் என்னும் மூதாட்டி நாடறிந்தவராக விளங்கினார். மேனாட்டார் என்றால் என்றும் இன்றுபோலவே கடற்கரையில் நடந்துகொண்டனர் என்று எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

1783இல் பட்டத்து இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், பிரைட்டனுக்கு முதன்முதலாக வந்தார். வந்தவர் அவ்வூரையே தம் இன்ப நகராக்கிக்கொண்டார். 1815க்கும் 1822க்கும் இடையில் ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் அவருடைய இல்லத்தைக் குமிழ்க் கூரைகளும் மினாராக்களும் கொண்ட மாளிகையாக மாற்றிக் கட்டினார். இந்தியாவைக் கண்ணால் காணாத மன்னருக்கு, முகலாயர் பாணியைக் கனவில் கண்டதுபோல் எழுந்தது அம்மாளிகை. மன்னர் சென்ற இடத்திற்குப் பிரபுக்களும், பிரபுக்கள் சென்ற இடத்திற்கு வணிகரும் சென்றனர். ஓய்வு என்பது அன்று பொருளுடையோரின் உடைமை. ஏழைக்குக் கடல் வேண்டுமாயின் அவன் நோயாளியாக இருத்தல் வேண்டும். 1791இல் மார்கேட்டில் ஏழை நோயாளிகளுக்கெனக் கடற்குளியல் மருத்துவமனை ஒன்று நிறுவப்பட்டதே அதற்குச் சான்று.

பாட்னாவிலிருந்து ஒருவர்

செல்வர் கூடிய அந்தப் பிரைட்டனில்தான் நம் நாட்டவர் ஒருவரைச் சந்திக்கிறோம். ஆங்கிலேயர் எழுத்தில் அவர் 'சேக் டீன் மஹமத்'. நம் நாவில் ஷைகு தீன் முஹம்மது. 1759இல் பாட்னாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். தாமும் சிறுவயதிலேயே அப்படையைச் சார்ந்து, 1784இல் பேக்கர் என்னும் தம் தலைவரோடு அயர்லாந்துக்குக் கப்பலேறினார். அங்கே ஜேன் டேலி என்னும் பெண்ணை மணந்தார். 1794இல் கார்க் நகரில் தம் பயணங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேறிய முதல் நூல் என்பது ஆய்வாளர் முடிவு. 1810இல் லண்டனில் இந்திய உணவும் ஹுக்காவும் கிடைக்கும் உணவகம் திறந்தார். கடனில் மூழ்கி 1812இல் நொடித்துப்போனார்.

வேறொருவராயிருந்தால் அத்தோடு ஓய்ந்திருப்பார். அவரோ ஐம்பத்தைந்தாம் வயதை ஒட்டிப் பிரைட்டனுக்கு வந்து, நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையும் தொடங்கினார். மூலிகை கலந்த ஆவி நிறைந்த கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் நோயாளி அமர்ந்திருப்பார். கூடாரத்தில் தைத்த கைச்சட்டை வழியாகக் கைகளை நுழைத்து வைத்தியர் மூட்டுகளைப் பிடித்துவிடுவார். அழுத்திப் பிடித்தலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் 'ஷாம்பூ' என்பது. பிற்காலத்தில் அச்சொல் உடம்பை விட்டுத் தலைமுடிக்குச் சென்றது. இன்று நம் வீட்டுக் குளியலறைப் புட்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவருடைய குளியலகச் சுவரில் தொங்கின. நான்காம் ஜார்ஜும் அவருக்குப் பின்வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தம் அரண்மனைச் சிகிச்சையாளராக ஏற்றனர். அவரிடமும் குறை இல்லாமலில்லை. மருத்துவ அனுபவம் மிகுந்தவராகத் தோன்றும்பொருட்டுத் தம் வயதில் பத்தாண்டைக் கூட்டி எழுதினார் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். முதுமையில் குளியலகம் கைமாறிற்று. 1851இல் காலமாகி, பிரைட்டனின் புனித நிக்கலஸ் ஆலய வளாகத்தில் அடக்கப்பட்டார். தம் ஜமாஅத்தும் சுற்றமும் இல்லாத நாட்டில் ஒரு மனிதர் எதனைக் காத்தார், எதனைக் கைவிட்டார் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அவருடைய பேரர் பிரடெரிக் அக்பர் மஹமத், லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றி இரத்த அழுத்த ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். 'அக்பர்' என்ற பெயர் அக்குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையிலும் நிலைத்திருந்தது என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

அதே ஊரில், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், நம் நாட்டவர் பெருந்திரளாக வந்திறங்கினர். இன்பம் நாடி வந்தவர்களல்லர். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட இந்திய வீரர்கள். 1914 இறுதியில் மன்னரின் அந்தக் குமிழ்க்கூரை மாளிகையே அவர்களுக்கு மருத்துவமனையாயிற்று. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிச் சமையற்கூடங்களும் தண்ணீர்க் குழாய்களும் அமைத்தனர். உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர்களைப் பிரைட்டனுக்கு மேலுள்ள மேட்டுநிலத்தில் எரியூட்டினர். அவ்விடத்தில் 'சத்ரி' என்னும் வெண்பளிங்கு நினைவுமண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. முஸ்லிம் வீரர்களின் ஜனாஸாக்கள் வோக்கிங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போபால் பேகத்தின் பொருளுதவியால் 1889இல் எழுந்த ஷாஜஹான் பள்ளிவாசல் அங்கேதான் உள்ளது. அதற்கு அருகில் அவர்களுக்கென மையவாடி அமைந்தது. ஓய்வுக்கென எழுந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அத்தகையது.

புகைபோக்கிகள் ஓய்ந்த வாரம்

இனி ஏழையின் கதைக்கு வருவோம். லங்காஷயர் பஞ்சாலைகளை நாம் அறிவோம். அவற்றின் மலிவுத் துணிதான் நம் நாட்டுத் தறிகளை முடக்கி, நெசவாளர் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. ஆனால் அத்துணியை நெய்தவர்களும் வாழ்ந்தவர்களல்லர் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலை வேலைக்கு வைக்கலாகாது என்று சொல்வதற்கே அங்கு 1833இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்பதற்கு 1850இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

அம்மக்களிடம் ஒரு பழைய வழக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. ஒவ்வோர் ஊர்த் தேவாலயத்திற்கும் ஆண்டுக்கொரு திருநாள் உண்டு. அதன் முன்னிரவில் விழித்திருந்து வணங்குவர். அதனால் அந்நாளுக்கு 'வேக்ஸ்', அதாவது விழிப்பு, என்று பெயர். நம் ஊர்களில் உரூஸை ஒட்டிக் கடைவீதியும் ராட்டினமும் கூடுவதுபோல அங்கும் சந்தையும் கேளிக்கையும் கூடின. காலப்போக்கில் வழிபாடு மறைந்து விடுமுறை நின்றது. ஆலை முதலாளிகள் அதனை ஒழிக்க முயன்று இயலாமல், இறுதியில் ஏற்றுக்கொண்டனர். ஒரே நீராவி இயந்திரம் ஆலை முழுவதையும் ஓட்டியதால், ஆளுக்கொரு நாள் விடுப்பு என்பது அங்கு நடவாது. எல்லோரையும் ஒருசேர அனுப்பிவிட்டுக் கொதிகலனைப் பழுதுபார்ப்பது அவர்களுக்கும் வசதியாயிற்று. இவ்வாறு ஒவ்வொரு நகரமும் கோடையில் தனக்குரிய வாரத்தில் மூடப்பட்டது. புகைபோக்கிகள் ஓய்ந்தன. வானம் தெளிந்தது. ஊரே காலியாயிற்று.

எங்கே சென்றனர்? 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கும், 1846இல் பிளாக்பூலுக்கும் இரயில் வந்துவிட்டது. லங்காஷயர் மக்கள் பிளாக்பூலை நாடினர். கடலுக்குள் நீளும் நடைபாலங்கள் அங்கே அடுத்தடுத்து மூன்று எழுந்தன, முதலாவது 1863இல். 1885இல் மின்சார டிராம் ஓடியது. 1894இல் பாரிஸின் ஈபில் கோபுரத்தைப் பின்பற்றி 518 அடி உயரக் கோபுரம் நின்றது. மன்னருக்காகப் பிரைட்டன் எழுந்தது என்றால், நெசவாளிக்காகப் பிளாக்பூல் எழுந்தது எனலாம்.

அந்த ஒரு வாரத்திற்கு அவர்கள் திட்டமிட்ட விதம் நம் கருத்துக்குரியது. விடுமுறை வாரத்திற்குக் கூலி கிடையாது. எனவே ஆலையிலும் தெருவிலும் சேமிப்புச் சங்கங்கள் அமைத்து, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில காசுகளைப் போட்டுவந்தனர். விடுமுறைக்கு முன்நாள் அத்தொகையைப் பங்கிட்டுக்கொள்வர். தங்குவது விடுதியிலன்று, விதவையோ நடுவயதுப் பெண்ணோ நடத்தும் வீட்டில் ஓர் அறை. அவ்வீட்டுக்காரம்மாள் பெரும்பாலும் தம்மைப்போன்றே ஆலை நகரிலிருந்து வந்தவராக இருப்பார். ஆண்டுதோறும் அதே வீடு; புறப்படும்போதே அடுத்த ஆண்டுக்குச் சொல்லிவைத்துவிடுவர். மாவும் தேயிலையும் முட்டையும் குடும்பமே வாங்கிக் கொடுக்க, வீட்டுக்காரம்மாள் சமைத்துத் தருவார். படுக்கைக்கு ஒரு கட்டணம், பணிவிடைக்கு ஒரு கட்டணம். மேசைமீதுள்ள உப்பு, மிளகுத்தூள், காடிக்கும்கூடத் தனிக்கட்டணம்! ஒரே கட்டிலில் பிள்ளைகள் மூவர் நால்வராக உறங்குவர். காலை உணவு முடிந்தால் மழையானாலும் வெளியே போய்விட வேண்டும். கேலிச்சித்திரங்கள் வீட்டுக்காரம்மாளைக் கொடுமைக்காரியாகத் தீட்டின. ஆனால் சில மாத வருவாயைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்திய உழைப்பாளி அவர். பிறர் ஓய்வெடுக்கும் வாரத்தில் அவருக்குத்தான் ஓய்வில்லை.

சட்டமான ஓய்வு

1871இல் சர் ஜான் லபக் கொண்டுவந்த சட்டத்தால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு நான்கு நாள் வங்கிகளுக்கு விடுமுறை கிடைத்தது. கடைகளும் ஆலைகளும் அவற்றைப் பின்பற்றின. ஆனால் ஓய்வெடுத்தால் கூலியை இழக்க வேண்டும் என்ற நிலை மாறவில்லை. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு வலியுறுத்திய பின், ஆம்யூல்ரி பிரபு தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. கூலி நிர்ணயிக்கும் வாரியங்கள் தம் தொழிலாளர்க்கு ஆண்டில் ஒரு வாரம் ஊதிய விடுப்பு வழங்க அது வழிசெய்தது. மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டதால், கடற்கரைகளில் முள்வேலி வந்தது. 1945க்குப் பின்னரே மக்கள் அச்சட்டத்தின் பயனை நுகர்ந்தனர். அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே கடற்கரை ஊர்களின் பொற்காலம்.

பின்னர் விமானம் வந்தது. 1960களிலும் 1970களிலும் ஸ்பெயின் நாட்டின் வெயில், பிளாக்பூலின் மழையைவிட மலிவாகக் கிடைத்தது. தங்குவீடுகள் வெறிச்சோடி, வறியோர் வாடகைக்கு ஒண்டும் அறைகளாயின. எசெக்ஸ் கரையில் லண்டன் மக்களின் விடுமுறைக் குடில்களாக 1930களில் அமைந்த ஜேவிக் என்னும் ஊர், 2010, 2015, 2019 ஆகிய மூன்று அரசுக் கணக்கெடுப்புகளிலும் இங்கிலாந்திலேயே மிக நலிந்த பகுதியாகக் குறிக்கப்பட்டது. லங்காஷயரின் மற்றொரு பழைய விடுமுறை ஊர் மோர்கம். 2004 பிப்ரவரியில் அதன் விரிகுடாவில், இருட்டில் சிப்பி பொறுக்க இறக்கிவிடப்பட்ட சீன நாட்டுக் கூலியாட்கள் இருபதுக்கும் மேற்பட்டோர், ஏறிவந்த கடலில் சிக்கி மாண்டனர். சட்டத்தின் கண்ணுக்குப் படாத உழைப்பாளிகள் அவர்கள்.

மாணவருக்கு எழுதிய மறுமொழி

இவற்றையெல்லாம் படித்த பின் என் மாணவருக்கு நான் எழுதிய மறுமொழியின் சுருக்கம் இது:

"தம்பி, இவ்வாண்டு பிளாக்பூலுக்கே செல்லும். உமது ஊருக்கு அண்மையிலுள்ளது. மணற்கரை ஆதலால் பிள்ளைகள் விளையாடலாம். பிரைட்டன் கூழாங்கற் கரை. ஆயினும் தீன் முஹம்மதின் அடக்கத்தலத்தையும் சத்ரியையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேறோர் ஆண்டு அங்கும் போய்வாரும். மோர்கம் பக்கம் சென்றால் நீர் வற்றிய மணலில் தொலைவு நடக்க விடாதீர். புதைமணலும் விரைந்தேறும் அலையும் அங்கு உண்டு. ஆகஸ்டின் கடைசித் திங்கள் பொது விடுமுறை. அவ்வார இறுதியில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். தங்குமிடத்தில் காலை உணவுக்குப் பன்றி இறைச்சி வழக்கமாதலால் முன்கூட்டியே சொல்லிவிடும். வடபகுதிக் கடைகள் பலவற்றில் மீனை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பர். மீன்தானே என்று எண்ணாமல், எதில் பொரித்தது என்று கேட்டு வாங்கும். ஜூலையில் அங்கு ஒன்பது மணிக்குப் பின்னரே மஃரிப் ஆதலால், பிள்ளைகளின் உறக்கத்தையும் தொழுகையையும் எண்ணி நாளை வகுத்துக்கொள்ளும்.

புறப்படுமுன் உமது கடைக்கு வரும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாரும். பிளாக்பூலில் எந்தத் தெருவில், எந்த வீட்டில் தம் பெற்றோர் தங்கினர் என்பதை அவர்கள் சொல்லக்கூடும். அந்த ஒரு வாரம் அவர்களுக்கு எளிதில் வந்ததன்று என்பதை அப்போது அறிவீர்.

இன்னொன்று. கடையை வேலையாள் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர். அவருடைய ஒரு வாரம் எப்போது? வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு ஆண்டில் 28 நாள் ஊதியத்துடன் விடுப்பு என்பது இன்று அந்நாட்டுச் சட்டம். நம்மவர் கடைகளில், 'எங்கள் பிள்ளைபோலத்தானே இருக்கிறான்' என்று சொல்லிச் சொல்லியே பிறர் பிள்ளையின் விடுப்பை மறந்துவிடுகிறோம். கூலியைப் பற்றி நம் மார்க்கம் சொல்வதை நீர் என்னிடமே ஓதியிருக்கிறீர். ஓய்வையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நீர் திரும்பிவந்ததும் அவரை அனுப்பிவையும். அந்த வாரத்தில் நீர் கடையில் அமரும்."

சில நாட்களுக்கு முன் அவரிடமிருந்து பதில் வந்தது. பிளாக்பூலில் அறை பதிவு செய்தாயிற்று என்றும், வேலையாளுக்குச் செப்டம்பரில் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்திருப்பதாகவும், கேட்ட பிறகு கொடுப்பதற்கு வெட்கமாக இருந்தது என்றும் எழுதியிருந்தார்.